ஆவி ஆய்வாளர்கள் வருமுன் கீசரை நிறுத்துங்கள்

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் நகையை அடகு வைத்து, வங்கிக் கடனும் வாங்கி, ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கியிருக்கிறார்கள். வீட்டில் இவர், கடை வைத்திருக்கும் கணவர், 11 வயது மகள், 67 வயது மாமியார். கொஞ்ச நாளில் தொந்தரவு ஆரம்பித்தது. இரவு ஒன்றரை, இரண்டு மணிக்குப் பரண் மேல் யாரோ நடக்கிற சத்தம். அதே நேரத்தில் சோறு வடித்த வாசனை. மகள் மூன்று முறை விழித்துக்கொண்டு, மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருந்ததாகவும், கத்த முடியவில்லை என்றும், மூலையில் புடவை கட்டிய உருவம் நின்றதாகவும் சொல்லியிருக்கிறாள். போன வருடம் இறந்த மாமனார் திண்ணையில் தொண்டையைச் செருமுவது மாமியாருக்குக் கேட்கிறது. அந்த வீட்டு மருமகள் ஒருத்தி முன்பு அங்கே இறந்துபோனதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கிணற்றில் விழுந்தாள் என்கிறார் ஒருவர், பின்னறையில் தூக்கு என்கிறார் இன்னொருவர்.

கணவர் யூடியூபில் பார்த்த ஒரு பாராநார்மல் குழுவிடம் பேசி 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். ஒரு இரவுக்கு 25,000 ரூபாய். படம் பிடித்து வெளியிடும் உரிமை அவர்களுக்கு. நள்ளிரவில் மகள் பின்னறையில் தனியாக உட்கார வேண்டும், 'அது அவளைத்தான் தேடுகிறது' என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் மந்திரவாதியைக் கூப்பிடச் சொல்கிறார். கொழுந்தனார், வந்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்கிறார். இவர்களை வரவழைக்கலாமா, கருவிகள் சொல்வது உண்மையா, என் குழந்தைக்கு மனநோயா என்று வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 'காலையில் மகளுக்கும் மாமியாருக்கும் தலைவலி, வாந்தி வருவது போல இருக்கிறது, பெரியம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகிறது, வீட்டை விட்டு வெளியே போனால் அது அவளை விட்டுவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னால், மழை தொடங்கியதும் குளியலறையில் கேஸ் கீசர் வைத்ததாகவும், அதை ஒட்டிய அறையில்தான் பாட்டியும் பேத்தியும் தூங்குவதாகவும், கணவர் கடையடைத்து வந்து பத்தரை மணிக்குக் குளிப்பதாகவும், சாரல் அடிப்பதால் ஜன்னல் சாத்தியே கிடப்பதாகவும் இருக்கிறது. முதலில் இதைப் பேசுவோம். ஆவி காத்திருக்கட்டும்.

இன்று இரவே செய்ய வேண்டியது

காற்றோட்டம் இல்லாத இடத்தில் கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறுகிறதே ஒரு நாற்றம், அது கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படுவது. எரிந்தபின் வரும் இந்த விஷவாயுவில் அந்த எச்சரிக்கை இருக்காது. தலைவலி, குமட்டல், மயக்கம், குழப்பம், வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் வருவது, வெளியே போனால் விடுவது: இவைதான் அதன் அடையாளம்.

வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921-ல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். அவர்கள் 1912-ன் கடைசியில் ஒரு பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோனவர்கள். இரவில் காலடிச் சத்தம், சாமான்கள் நகரும் சத்தம், யாரோ பின்னால் வருகிற உணர்வு. பிள்ளைகள் வெளிறிப்போனார்கள். தொட்டிச் செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதன் புகை வீட்டுக்குள்ளேயே நிறைந்துகொண்டிருந்தது. உலையைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் வீட்டுக்குள் நுழையும் எந்த ஆய்வாளரும் முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டிய குடும்பம் அது. உங்களிடம் பணம் வாங்கிய குழு, வீட்டில் என்ன எரிகிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் வீட்டிலும் அதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தெரியும்வரை கீசரைத் தொடாதீர்கள். வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது பாட்டியும் பேத்தியும் முன்கூடத்தில் படுக்கட்டும். கீசரைப் பொருத்திய ஆளை வரவழைத்து, புகை வெளியேற வழி இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். மறுபடி தலைவலி வந்தால், அது இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய் இந்தச் சந்தேகத்தைச் சொல்லி 'கார்பாக்சி ஹீமோகுளோபின்' ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெளிக்காற்றில் நேரமாக ஆக ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இதில் நம்ப வேண்டாம், ஆக்சிஜன் சரியாக இருப்பது போலவே அது காட்டும். யாராவது மயங்கினால் உடனே வெளியே தூக்கிக்கொண்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மார்பில் உட்காருவது

உங்கள் மகள் சொல்வது பொய்யும் இல்லை, பைத்தியமும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் 'அமுக்குவான் பேய்' என்று சொல்வதைத்தான் மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்கிறோம். கனவு காணும் தூக்கத்தில் கை கால்களை மூளை பூட்டிவைக்கிறது, கனவில் ஓடுவதை நாம் படுக்கையில் ஓடிக்காட்டாமல் இருக்க. சில சமயம் கண் விழித்துவிடும், பூட்டு இன்னும் திறக்காது. கனவின் மிச்சமும் கலைந்திருக்காது. அறை தெரிகிறது, மூலையில் உருவமும் தெரிகிறது, மார்பு அழுந்துகிறது, குரல் எழும்பவில்லை. சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்கள். தூக்கம் கெடுவதும் பயமும் மல்லாந்து படுப்பதும் இதை அதிகமாக்கும். வீட்டில் எல்லோரும் இரவெல்லாம் காது கொடுத்துக்கொண்டு விழித்திருக்கும்போது ஒரு 11 வயதுக் குழந்தைக்கு வேறு எப்படித் தூக்கம் வரும்?

அவளிடம் இதை இப்படியே விளக்குங்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மறுபடி வந்தால் கத்த முயலாமல் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பார்க்கச் சொல்லுங்கள். உருவம் புடவை கட்டியிருந்தது என்பதை அவள் முதல் முறை சொன்னாளா, அண்டை வீட்டுக்காரர் கதையைக் கேட்டபின் சொன்னாளா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அவளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். பகலிலும் உருவம் தெரிந்தால், வலிப்பு வந்தால், நாக்கைக் கடித்துக்கொண்டால், பள்ளியில் அடக்க முடியாமல் தூங்கி விழுந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ காட்டுங்கள்.

நல்ல ஆய்வாளர் எப்படி வேலை செய்வார்

ஆவி ஆராய்ச்சியே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. மனநல மருத்துவனாக நான் அதை மதிப்புடன் படித்து வந்திருக்கிறேன். லண்டனில் 1882-ல் இதற்கென்றே ஒரு ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது, இன்றும் இயங்குகிறது. 1937-ல் ஹாரி பிரைஸ் என்பவர் எசெக்ஸில் உள்ள போர்லி என்ற ஊரின் பழைய பாதிரியார் இல்லத்தை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தார். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து 48 பேரைப் பார்வையாளர்களாகச் சேர்த்து, எதை எப்படிக் குறிக்க வேண்டும் என்று அச்சிட்ட கையேடும் கொடுத்தார். வெப்பமானி வைத்தார்கள், பொருள்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு அவை நகர்கின்றனவா என்று பார்த்தார்கள். முறை நல்ல முறை. ஆனால் அதே சங்கத்தைச் சேர்ந்த மூவர் பின்னர் அந்தக் குறிப்புகளை வரிவரியாக அலசி 1956-ல் வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றுக்குச் சாதாரணக் காரணங்களே போதும் என்று தெரிந்தது. பிரைஸ் தாமே சிலவற்றைச் செய்தாரோ என்ற சந்தேகமும் எழுந்தது. அந்த வீட்டுக்கும் ஒரு கன்னியாஸ்திரீ கதை இருந்தது, உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார்கள் என்று. அங்கே மடம் இருந்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் கிணறா தூக்கா என்ற குழப்பத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. ஒரு நல்ல ஆய்வாளர் பழைய பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பார், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்பார். அதெல்லாம் பகலில் செய்கிற வேலை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் விக் டாண்டி. இங்கிலாந்தில் மருத்துவக் கருவிகள் வடிவமைக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்த பொறியாளர். ஒரு இரவு தனியாக உட்கார்ந்திருக்கும்போது உடம்பு சில்லிட்டது, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் இல்லை. பயந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு வாள் சண்டை விளையாட்டு உண்டு. மறுநாள் தன் வாளைப் பழுது பார்ப்பதற்காக அதே கூடத்தில் பிடிப்பானில் மாட்டிவைத்தார். யாரும் தொடாமலே அதன் தகடு கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. இன்னொருவராக இருந்தால் அந்த வேலையையே விட்டிருப்பார். அவரோ பிடிப்பானைத் தரையில் இங்குமங்கும் நகர்த்தி, எங்கே அதிகம் ஆடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். கூடத்தின் நடுவில் ஆட்டம் உச்சம். காரணம், புதிதாகப் பொருத்திய ஒரு காற்று வெளியேற்றும் விசிறி. அது காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியை, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்டதை, எழுப்பிக்கொண்டிருந்தது. விசிறி பொருத்திய விதத்தை மாற்றியதும் அந்த உணர்வும் போனது. 1998-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

அதற்காக எல்லாப் பேயும் விசிறிதான் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரும் குழுவினரும் ஒரு வெற்று அறையைக் கட்டி, தாழ்ந்த ஒலியையும் மின்காந்த அலையையும் மாற்றி மாற்றி எழுப்பி 79 பேரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள், 2009-ல் முடிவு வெளியானது. பலருக்கும் ஏதேதோ தோன்றியது. ஆனால் கருவி ஓடியதற்கும் தோன்றியதற்கும் தொடர்பு இல்லை. இங்கே விசித்திரமாக ஏதாவது தோன்றலாம் என்று சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்கலாம்.

இங்கிலாந்து உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனின் முறையை நீங்களே வீட்டில் செய்யலாம். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், எட்டாம் ஹென்றியின் தலை வெட்டப்பட்ட மனைவி கேத்தரின் ஹோவர்டின் ஆவி உலவுவதாகச் சொல்லும் கூடத்திலும், எடின்பரோ நகரத்து நிலவறைகளிலும் பார்வையாளர்களை நடக்கவிட்டு, எங்கே என்ன உணர்ந்தார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். பேய் உண்டு என்று பெயர் பெற்ற இடங்களில்தான் அதிகம் உணர்ந்தார்கள். அந்தப் பெயர் முன்பே தெரிந்திருந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் வரவில்லை. இடத்தின் வெளிச்சம், பரப்பு, காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கம் போன்றவற்றோடுதான் அது ஒத்துப்போனது. அதாவது அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஏதோ ஒன்றை உணர்ந்தார்கள்.

அதனால் உங்கள் வீட்டின் தரைப்படத்தை நாலு தாளில் வரையுங்கள். நாலு பேரும் பத்து நாள், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன என்று குறியுங்கள். அன்று மழையா, கரண்ட் போனதா, கீசர் ஓடியதா என்றும் எழுதுங்கள். பிறகு நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பரண் நடைக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நானும் ஓட்டு வீட்டில் வளர்ந்தவன். மரநாய் ஓட்டுக்கும் பரணுக்கும் நடுவே நடக்கும்போது ஆள் நடப்பது போலவே இருக்கும், நின்று நின்று, கனமாக. அதன் உடலிலிருந்து வரும் வாசனை, வாசனை அரிசி வேகிற வாசனையை ஒத்திருக்கும். முதல் முறை நுகர்ந்தபோது அம்மா விடியுமுன்பே எழுந்து உலை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பகலில் பரணில் ஏறி எச்சம் கிடக்கிறதா, பழக்கொட்டைகள் கிடக்கின்றனவா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் மாவு தூவிவைத்தால் காலையில் கால்தடம் தெரியும். மரநாய் என்று தெரிந்தால் அடிக்கவோ விஷம் வைக்கவோ வேண்டாம், அது சட்டம் பாதுகாக்கும் விலங்கு. வனத்துறையிடம் சொல்லுங்கள், ஓட்டு இடுக்குகளை அடையுங்கள்.

அந்தக் கருவிகள்

வீடியோவில் விளக்கு மின்னும் மின்காந்த மீட்டர், எலக்ட்ரீஷியன் வேலைக்கு உதவுகிற கருவி. பழைய வயரிங், இன்வெர்ட்டர், சட்டைப்பையில் இருக்கும் செல்போன் எல்லாவற்றுக்கும் அது மின்னும். லேசர் வெப்பமானி, நேர்ப்படும் சுவரின் சூட்டைக் காட்டுமே தவிர அறைக்காற்றின் குளிர்ச்சியைக் காட்டாது. 'ஸ்பிரிட் பாக்ஸ்' என்பது ரேடியோ அலைவரிசைகளை வேகமாகத் தாவிக்கொண்டே போகும் பெட்டி. துண்டு துண்டாக வரும் ஒலியில் நம் மனம் வார்த்தையைக் கோத்துக்கொள்ளும், அதுவும் 'இப்போது பெயர் சொல்லும், கேளுங்கள்' என்று யாராவது சொல்லிவிட்டால். படத்தில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள், ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட தூசி. பழைய ஓட்டு வீட்டில் அதற்குப் பஞ்சமா? ஏதோ ஒன்று மாறியது என்பதைத்தான் இந்தக் கருவிகள் எல்லாம் சொல்லும். எது மாற்றியது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

மகள், வீடியோ, முன்பணம்

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உங்கள் மகள் அந்த அறையில் உட்காரக் கூடாது. ஐந்து நிமிடம்கூடக் கூடாது, நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் கூடாது. 'அது உன்னைத்தான் தேடுகிறது' என்ற வார்த்தை ஒரு குழந்தையின் காதில் விழுந்தால், எந்த மீட்டரை அணைத்தாலும் அது அணையாது. அவள் முகம் வீடியோவில் வந்துவிட்டால் நாளை பள்ளியில் அவள் பெயர் என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டின் பெயரும் கெடும். பிறகு விற்க நினைத்தாலும் விலை போகாது.

கணவரோடு சண்டை வேண்டாம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் பணம் கட்டியிருக்கிறார். நாங்கள் வரச் சொல்லவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள், எங்கள் வீட்டுப் படமோ குரலோ விவரமோ எதையும் வெளியிட அனுமதி இல்லை என்று அவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், அந்தச் செய்தியைப் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் 5,000 போகட்டும். அனுமதியில்லாமல் உள்ளே வந்தாலோ எதையாவது வெளியிட்டாலோ காவல் நிலையத்துக்கும் வழக்கறிஞரிடமும் போங்கள். பின்னால் எப்போதாவது வேறு ஆய்வாளர் வருவதானால், பகலில் வந்து கேள்வி கேட்கிறவராக, 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொடுக்கவும் தயாராக இருப்பவராகப் பாருங்கள்.

வீட்டை விற்கும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். தூக்கம் கெட்ட வீட்டில் பெரிய முடிவு வேண்டாம்.

மாமியார் கேட்கும் செருமல்

அதற்கு மருந்து தேவையில்லை. 1971-ல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி ஒரு ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பது போல உணர்ந்ததாகவோ பார்த்ததாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் மாமியார் உங்களிடம் சொல்லியிருக்கிறார், அது உங்கள் இருவருக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டுகிறது. மாமா என்ன செய்வார், எப்படிச் செருமுவார், திண்ணையில் யாரோடு பேசுவார் என்று உட்கார்ந்து கேளுங்கள். சாப்பாடு குறைந்தால், வாழவே பிடிக்கவில்லை என்றால், அந்தக் குரல் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டால், அப்போது மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இரவில் யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

அவர் கேட்கிற பூஜைக்கு மறுப்புச் சொல்ல வேண்டாம். ஹோமம் செய்யுங்கள், மாமனாருக்குப் படையல் போடுங்கள், பெயர் தெரியாத அந்த மருமகளுக்கும் ஒரு விளக்கு ஏற்றுங்கள். அவள் வாழ்ந்தது உண்மையானால் அந்த மரியாதைக்கு உரியவள்தான். ஆனால் புகை போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். எங்கள் துறையில் இருக்கும் யாருக்கும் அது மறக்காது.

கீசரைப் பார்க்க வந்தவர் என்ன சொன்னார், பரணில் தடம் எதுவும் இருந்ததா, நாலு தாளும் எப்படி வந்தன என்று எனக்கு எழுதுங்கள். மகளின் தாளை அவளே எழுதட்டும்.